ஒன்பதாம் பக்கத்தில் அப்பாவின் தொழில்

1. கனடாவில் இருக்கும் அத்தான் குடியேற்ற விண்ணப்பப் படிவம் அனுப்பினார்.
2. ஒன்பதாம் பக்கத்தில், போர்க்காலத்தில் தந்தை என்ன தொழில் செய்தார் என்று கேட்டிருந்தது.
3. ‘காயப்பட்ட போராளிகளைக் கழுதையில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்’ என்று எழுதினேன்.
4. அழித்தேன்.

வளைகுடாவில், மங்காஃபில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. ஊருக்குத் திரும்பினால் என் படிப்புக்கு வேலை இல்லை.

எழுதி அழித்ததை அத்தானுக்குச் சொன்னேன்; அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மச்சாள், கழுதையையும் கூட்டிக்கொண்டோ கனடாவுக்கு வரப்போறாய்? கடற்தொழில் எண்டு போட்டு அனுப்பு."

எங்கள் மன்னார்ப் பக்கம் கழுதைக்குக் குறைவில்லை. மழைக்காலச் சேற்றில் வாகனம் புதையும், கழுதை புதையாது. அதனால்தான் போராளிகள் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வைக்கோல் திணித்த சாக்குகளின் மேல் பலகை கட்டி, ஒரு தடவைக்கு ஒருவரைக் கொண்டுவருவார். காயக்காரர் கத்தினால் கழுதை நின்றுவிடும். வெட்டவெளியில் நின்றால் ஷெல் விழும். எனவே ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவர் வாயிலும் துணி வைப்பார். இது அப்பா சொல்லி நான் அறிந்ததல்ல. எட்டு வயதில் அந்தத் துணிகளைத் துவைத்தவள் நான். பல் பட்ட இடமெல்லாம் கிழிந்திருக்கும்.

பிழைத்தவர்களில் ஒருவர்கூடப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சண்டை முடிந்ததும் விசாரிக்க ஆமிக்காரர்தான் வந்தார்கள். அப்பா இரண்டு வருடம் உள்ளே இருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ரூமில் மற்றவர்கள் சமைத்துக்கொண்டிருக்க, அப்பாவுக்கு போன் எடுத்துப் படிவத்தில் இருந்த கேள்வியைச் சொன்னேன்.

"என்னெண்டு எழுதினாய்?"

"கடற்தொழில் எண்டு, அப்பா."

"எனக்கு நீந்தவே தெரியாதே, பிள்ளை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் களவெடுத்தனானோ? சாகக் கிடந்த பிள்ளையளைத் தூக்கினது உனக்கு வெக்கமோ?"

"வெக்கமில்லை அப்பா. உண்மையை எழுதினா விசா தரமாட்டாங்கள்."

"சரி. எனக்கும் வாயில துணியை வை" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே விண்ணப்பத்தை அனுப்பினேன். படிவத்தில் அப்பா கடற்தொழிலாளி. பதில் இன்னும் வரவில்லை. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. நான் எடுத்தால் அம்மாதான் பேசுகிறார். அப்பா போனுக்கு வருவதில்லை.