ஆதிகேசவன் வீட்டு ஜப்பான் பழம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஆதிகேசவனுக்கு வேலை. ஒரு வருசம் கம்பெனி ஆட்கள் வேன் பேசிக்கொண்டு குன்னூர் போனார்கள். மற்றவர்கள் வர்க்கியும் தைலமும் வாங்கி வந்தார்கள். இவர் ஒரு செடியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அங்கே ரோட்டோரம் ஒரு பழம் தின்றாராம். தக்காளி நிறம், தேன் மாதிரி இருந்ததாம். பெர்சிமன், ஜப்பான் நாட்டுப் பழம் என்று செடி விற்றவன் சொல்லியிருக்கிறான். எங்கள் தெருவில் ஜப்பான் பழம் என்றே பேர் நின்றுவிட்டது.

குளிர் ஊர்ச் செடி இந்த அனலில் நிக்காது என்று நானே சொன்னேன். நின்றது. வீட்டுக்குப் பின்னால், குளித்த தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைத்திருந்தார். கம்பெனிக் கரி இலையில் படியும். ஷிப்ட் முடிந்து வந்து ஈரத்துணியால் துடைப்பார்.

"எனக்கு ஒரு நாள் காலு புடிச்சி வுட்டிருக்கியாயா? எலைக்கு மூஞ்சி தொடைச்சிக்கினு கீற" என்பாள் அவர் சம்சாரம் கன்னியம்மா.

வருசாவருசம் பூ வரும், உதிரும். அதற்குள் மகன் ரகுவுக்குத் தை மாசம் கல்யாணம் என்று முடிவானது. வருகிற பெண்ணுக்கு ஒரு ரூம் வேண்டும். மரம் நின்ற பக்கம்தான் இடம் இருந்தது. நான் கொத்தனார், என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த வருசம் பார்த்து மூன்று காய் தங்கிவிட்டது.

"பழுக்கட்டும், தின்னு பாப்போம். நல்லா இல்லன்னா நானே மரத்த வெட்டறேன்" என்றார் ஆதிகேசவன்.

"பேச்சு மாற மாட்டியே?" என்றாள் கன்னியம்மா.

"கொத்தனாரு சாட்சி."

புரட்டாசியில் காய் சிவந்தது. கன்னியம்மா ஒன்றைப் பறித்து, மாங்காய் மாதிரி துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எடுத்துவந்தாள். கடித்தேன். நாக்கில் சிமெண்ட் பூசிக் காயவிட்ட மாதிரி இருந்தது.

"தூ! இதுக்காயா இத்தினி வருசம் தண்ணி ஊத்துன?" என்று கன்னியம்மா துப்பினாள்.

ஆதிகேசவன் துப்பவில்லை. மென்று விழுங்கினார். "அங்க தின்னது கொழகொழன்னு இருந்துச்சி" என்றார். மீதி இரண்டையும் பறித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து என்னிடம், "வேலைய ஆரம்பி அப்பாவு" என்றார்.

நூல் கட்டிக் கடைக்கால் வெட்டினோம். மரத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளமெல்லாம் தண்ணீர். வேலை நின்றது.

மழை விட்டதும் கோடாலியோடு போனேன். தானே வெட்டுவதாகச் சொன்ன ஆதிகேசவன் தலை நிமிராமல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அரிசி எடுக்கப் போன கன்னியம்மா கத்தினாள்.

"ஐயோ, டிரம்முல எலி செத்துக் கெடக்குது! கையெல்லாம் கொழகொழன்னு கீது!"

"எலி இல்ல, நான்தான் வெச்சேன்."

"நீ வெச்சியா? எலியயா?"

"பழம்டி. மாங்கா பழுக்க வெக்கிற மாதிரி அரிசிக்கு அடியில பொதைச்சேன்."

உள்ளே போய் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். நானும் பின்னால் போனேன். ஒரு விரலை நக்கினார்.

"சீ! கொத்தனாரு நிக்கறாரு."

"அதேதான். குன்னூர்ல தின்னது இதேதான்."

இன்னொன்று நசுங்காமல் இருந்தது. ஸ்பூனால் தோண்டி மூன்று பேரும் தின்றோம். நல்ல பழம்தான். கன்னியம்மா தோலையும் வழித்துத் தின்றுவிட்டு வெளியே வந்து, நான் கட்டியிருந்த நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பாவண்ணே, இந்தச் செவுத்தக் கொஞ்சம் உள்ளாற தள்ளிக்க முடியுமா?"

"ரூம் கோணலாப் பூடும். கட்டில் நேரா நிக்காது."

"கோணக் கட்டில்ல தூக்கம் வராதா?"

கோணலாகவே கட்டினேன். மரம் நிற்கிறது. அடுத்த வருசம் பூவெல்லாம் உதிர்ந்து ஒரு காயும் தங்கவில்லை. படுத்தால் சுவரில் கால் இடிக்கிறது என்று ரகு ஒரு நாள் மரத்தைத் திட்டினான்.

"கால மடக்கிக்கினு படு" என்றாள் கன்னியம்மா.