ஒன்பதாம் பட்டையும் அம்மன் வந்த லோரியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்கள் அம்மன், கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் இறங்கி இங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்த லோரியை ஓட்டியவன் நான். உள்ளதைச் சொன்னால் அவள் மகிமையைக் குறைத்த பாவம் வருமோ என்று ஒரு பயம். சொல்லாமல் விட்டால் பொய்க்குத் துணை போன பாவம் வருமோ என்று இன்னொரு பயம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சூளைச் செங்கல்லை ஏற்றிக்கொண்டு ரவாங், செமினி என்று போய் வருவது என் பிழைப்பு. பாரம் ஏறினால் லோரியின் பின்பக்கம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி தரையைப் பார்த்துத் தொங்கும். சக்கரத்துக்கு மேலே வில்லு மாதிரி வளைந்து பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு இருந்தன. ரவாங் போகிற வழியில் ஒரு நாள் அதில் ஒன்று முறிந்தே போயிற்று.

லோரி வாங்கிய வெள்ளைக்காரக் கம்பெனியின் பட்டறைக்குப் போனேன். அங்கே மேஸ்திரி ஒரு சீனர். கீழே படுத்து, கையால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். புது வில்லு சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும், அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். வண்டி நின்றால் என் வீட்டு அடுப்பும் நிற்கும். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவியின் அண்ணன், ரயில்வேயில் சம்மட்டி அடித்துப் பழகிய கை, அதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஏன் மாப்ளே, உடம்புல முள்ளு குத்துனாக்கூடக் கப்பல்லதான் டாக்டர் வரணுமா? கிள்ளான்ல ஒடஞ்ச லோரி கெடக்குது. பட்டைய வாங்கி நாமளே போட்டுருவோம்லா."

அப்படியே செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டு, ரயில் கட்டைகளை அடுக்கி லோரியைத் தூக்கி நிறுத்தினோம். பழைய போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றித்தான் ஒவ்வொன்றையும் அசைக்க முடிந்தது. முறிந்த பட்டையை மாற்றி, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தோம். வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். மச்சான் விரல் வைத்து எண்ணிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எட்டு வருது மாப்ளே."

"வந்தா என்ன?"

"எட்டு சனியோட எண்ணு. மொய் வைக்கிறப்பவே ஒத்த ரூவா சேர்த்துத்தானே வைக்கிறோம்? இதுக்கும் ஒண்ணு சேத்துரு. ஒம்போது, நவக்கிரகம். கவலையே இல்ல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மிச்சம் இருந்த பட்டைகளையும் சேர்த்து முடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுத்தோம். செங்கல் ஏற்றினால் ராஜா மாதிரி போயிற்று. பின்பக்கம் தொங்கவே இல்லை.

ஒரு நாள் சூளைப்பக்கம் வந்த கம்பெனி மேஸ்திரி அதைக் குனிந்து பார்த்தார். எங்கள் வேலையைப் பழிக்கவில்லை. போல்ட் நன்றாக முடுக்கியிருக்கிறது என்றார். போகும்போது மலாய் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். பட்டை அதிகம், பாரத்தோடு போனால் பயமில்லை, கோசோங் போனால் குதிக்கும். கோசோங் என்றால் வெறும் வண்டி. நான் தலையாட்டினேன். மனதில் வாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோயில் வேலை நடந்துகொண்டிருந்தது. அதுவரை அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே ஒரு சூலத்தை நட்டுத்தான் கும்பிட்டு வந்தோம். சூளை ஆட்களும் ரயில்வே ஆட்களும் கூலியில் மிச்சம் பிடித்து, தாய்நாட்டில் சொல்லிக் கருங்கல்லில் அம்மன் சிலை செய்யச் சொல்லியிருந்தோம். கப்பல் ஏறியாயிற்று என்று செய்தி வந்தது. கிள்ளானிலிருந்து கொண்டுவரும் பாக்கியம் என் லோரிக்குக் கிடைத்தது. குருக்கள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மெதுவா கொண்டு வரணும். மூக்கு நுனி தெறிச்சாலும் பின்னம்தான். பின்னப்பட்டதைப் பிரதிஷ்டை பண்ணப்படாது. கடல்ல விட வேண்டியதுதான்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரியாக அந்த வாரம் காப்பாரில் பொங்கல் பானைகள் வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் வெறும் லோரியில் வந்தோம். வைக்கோல் சுற்றித்தான் வைத்திருந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி கழுதை மாதிரி பின்னங்காலால் உதைத்தது. வீட்டில் இறக்கும்போது ஒரு பானைகூட முழுசாக இல்லை. என் மனைவி உடைந்த ஓட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பானை போனாப் போவுதுங்க. ஆத்தாளை இதுலயா ஏத்தப்போறீங்க?"

மறுநாளே கம்பெனிப் பட்டறைக்கு ஓடினேன். கழற்றிச் சரிசெய்து தருகிறேன், ஆனால் முன்னால் வந்த வண்டிகள் வரிசையில் நிற்கின்றன என்றார் மேஸ்திரி. கப்பலோ துறைமுகத்துக்கு வந்துவிட்டது. நாமே ஒரு பட்டையைக் கழற்றிவிடலாம் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"பொட்டு வச்சுப் பூசை போட்ட பட்டை! அம்மன் வர்ற நேரத்துல நவக்கிரகத்தைக் கழட்டுறியா? என் கை வராது மாப்ளே."

"உங்க நவக்கிரகம்தான் அண்ணே என் பானையெல்லாம் ஒடச்சுது" என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தச் சீன மேஸ்திரி முன்ன என்னமோ சொன்னாருன்னீங்களே?" என்று கேட்டாள்.

"கோசோங் போனா குதிக்கும்னாரு."

"அப்ப ஏன் கோசோங் போறீங்க?"

மச்சான் காதிலிருந்து கையை எடுத்தார்.

அவளே தொடர்ந்தாள். "ஆத்தா ஒருத்தி கனம் இந்த வண்டிக்குப் பத்தாது. எப்பவும் போல செங்கல்லை ஏத்திக்கிட்டுப் போங்க. அதுக்கு மேல நெல்லைக் கொட்டுங்க. சாமிய உக்கார வைக்கிறதுக்கு முந்தி எப்படியும் நெல்லுக்குள்ள படுக்க வைப்பாங்கதானே? நம்ம பங்குக்கு வழியிலயும் படுத்து வரட்டும்."

தானியவாசம் என்பார்கள். சிலையைப் பிரதிஷ்டைக்கு முன் நெல்லில் கிடத்துவது முறை. குருக்களிடம் கேட்டோம். சிரித்தார். "கோயில்ல முறைப்படி நான் பண்ணத்தான் போறேன். வழியிலயும் நெல்லுல வந்தா தோஷம் ஒண்ணுமில்ல. பேஷா செய்யுங்கோ."

சூளையில் ஒரு பாரம் செங்கல் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனோம். நெல் மில்லில் மூட்டைகள் வாங்கிச் செங்கல்லுக்கு மேல் ஓரத்தில் அடுக்கி, நடுவில் நெல்லைக் குவித்தோம். துறைமுகத்தில் அம்மனை அதில் கிடத்தி மேலேயும் நெல்லைச் சரித்தோம். முகம் மட்டும் தெரிந்தது. மச்சான் பின்னால் ஏறி, தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வாய்க்குள் அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பத்து தீகா என்கிற ஊர்ப் பக்கம் மழையில் ரோடு அரித்துக் கிடந்தது. அங்கே ஊர்ந்துதான் போனேன். லோரி பள்ளத்தில் இறங்கி, தொட்டில் அசைவது போல ஒரு தரம் அசைந்து, ஏறி வந்துவிட்டது. பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"மாப்ளே! ஆத்தா அசையலடா!"

கோயிலில் இறக்கியதும் குருக்கள் நெல்லைத் தட்டிவிட்டு, சிலையில் தண்ணீர் ஊற்றி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கட்டையால் தட்டினார். கீறல் விழுந்த கல் தட்டினால் மொத்தென்று கேட்குமாம். கணீரென்று மணிச் சத்தம் வந்தது. என் மனைவி குலவை போட்டாள். நான் லோரிச் சக்கரத்தில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

கீழே கிடந்து வந்த செங்கல்லைச் சூளை முதலாளி திரும்ப வாங்கவில்லை. கோயில் சுவருக்கே விட்டுவிட்டார். நெல் அன்னதானத்துக்குப் போயிற்று. பின்னாளில் முன்பக்கத்து வில்லு தளர்ந்தபோது நான் கம்பெனியிலேயே கொடுத்துச் செய்தேன். மச்சானுக்குக் கோபம். ஆனால் முன்சக்கரம் திருப்புகிற சக்கரம். அதில் விளையாட எனக்குத் தைரியம் இல்லை. நம் கைக்கு எது வரும், எது வராது என்று தெரிந்துகொள்வதும் ஒரு பக்திதான் என்று நினைக்கிறேன். பின்பக்கத்து ஒன்பது பட்டையும் அந்த லோரி இருந்தவரைக்கும் அப்படியே இருந்தன. வெறும் வண்டியாக மட்டும் நான் அதை ஓட்டவில்லை. கொஞ்சம் செங்கல்லாவது எப்போதும் கிடக்கும்.

இப்போது சொல்கிறார்கள், லோரி தரையில் படாமல் வந்ததாம், தானாகவே ஓடியதாம். அதை முதலில் கிளப்பிவிட்டது என் மச்சான்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை. லோரி தரையில்தான் வந்தது, பாரத்தோடு வந்தது. மேஸ்திரி வாயில் ஒரு வார்த்தையை வைத்ததும், நான் மனதில் வாங்காத அந்த வார்த்தையை என் மனைவிக்கு யோசனையாகக் கொடுத்ததும் அம்மன்தான் என்று நான் நம்புகிறேன். எனக்கு அந்த மகிமை போதும். இதைப் படித்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது லோரியைப் பறக்க விடாதீர்கள், அம்மனையும் விட்டுவிடாதீர்கள். செங்கல்லையும் நெல்லையும் நான் வைத்த இடத்திலேயே வைத்துச் சொல்லுங்கள்.