காச்சிலுக்குக் குச்சி ஊன்றியவன்

ஆட்டையாம்பட்டிக்காரனிடம் வந்து கிழங்கைப் பற்றிப் பேசுவதா என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. ஊரைச் சுற்றி மரவள்ளிக் காடு. என் மனைவி நாகர்கோவில் பக்கம். இங்கே வேலைக்கு வந்தவளைக் கட்டிக்கொண்டேன். மாமியார் வீட்டுக்குப் போனால் காச்சில் கிழங்கை அவித்து, மிளகாய்த் துவையலோடு முன்னால் வைப்பார். மயிர் முளைத்த அந்தத் தடிக்கிழங்கை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

மாமியார் போனபின் அந்த வீட்டை விற்றார்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் என் மனைவி பின்பக்கம் தோண்டி, ஒரே ஒரு காச்சிலைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். சித்திரையில் எங்கள் முருங்கையடியில் அவளே நட்டாள். நான் அப்போது வேலைக்குப் போயிருந்தேன். கொடி மரமேறியது.

"இது மட்டும் அழிஞ்சிரக் கூடாதுங்க. எங்கம்மா வச்சது" என்பாள்.

மார்கழியில் மகளின் பிரசவத்துக்குப் போனாள். இங்கே இலை பழுக்க ஆரம்பித்தது. அவள் வருவதற்குள் தோண்டி, மறுபடி நட்டும் வைத்துவிடலாம் என்று கடப்பாரையை எடுத்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கொடியில் பச்சையாக இருந்ததைச் சாண் சாணாக நறுக்கி, மரவள்ளிக்குச் செய்வதுபோல் வரிசையாக ஊன்றினேன். கிழங்கை, தலைப்பக்கம் உட்பட, முழுசாக அவித்துவிட்டேன். உள்ளே ஊதா நிறம்.

பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன். "இதென்னங்க, இவ்வளவு மெதுவா இருக்குது" என்று எதிர்வீட்டு அக்கா இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

ஒரு மாதம் கழித்து வந்தவள், பையைக்கூட வைக்காமல் முருங்கையடிக்குப் போனாள். என் குச்சிகள் சுள்ளியாகக் காய்ந்து நின்றன.

"தலைப்பக்கம் எங்கங்க? அதுலதான முளை வரும்?"

நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை. ஒரு குச்சியைப் பிடுங்கி, அடியைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

"நீங்க தின்னீங்களா?"

"தின்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கடைசித் துண்டை, அவளுக்கென்று எடுத்துவைக்கக்கூடத் தோன்றாமல், அடுப்படியில் நின்றபடியே தின்று முடித்தவன் நான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

"இதை எங்கம்மா இருக்கறப்ப ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.