ஜோவியன் கண் விழிக்காத அறை

கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான்.

நாங்கள் குடியிருக்கும் பென்டில் ஹில்லில் அன்று காலை குளிர்காலப் புயலில் கரண்ட் போய்விட்டது. இரவு வேலை முடித்து வந்த கணவர் ஹால் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தார். இறைச்சி சுடும் கரியடுப்பை வெளியே பற்றவைத்து, தணலானதும் அவர் அருகே வைத்து, ஜன்னல்களைச் சாத்தினேன். புகையே இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

மகள் பள்ளிக்கூட வேலைக்காக, ஜோவியன் என்ற ரோமப் பேரரசரைப் பற்றி வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். போரில் அப்போதைய பேரரசர் இறந்துபோக, படைவீரர்கள் ஜோவியனை அரசராக்கினார்களாம். பட்டினி கிடந்த படையைக் காப்பாற்ற அவர் பாரசீகருக்கு நகரங்களை விட்டுக்கொடுத்தாராம். எனக்குத் தலை இடித்தது. பாதிதான் காதில் விழுந்தது.

"எட்டு மாசம்கூட ஆட்சி செய்யேல்லை அம்மா. ஊருக்குத் திரும்பிற வழியில நித்திரையிலயே செத்திட்டார். பூட்டின அறைக்குள்ள எரிஞ்ச கரியில இருந்து வந்த நச்சுவாயுவாலதான் எண்டு சொல்லினம்..."

அவள் அடுப்பைப் பார்த்தாள். "அம்மா! அப்பா!"

கணவரை உலுக்கினேன். அவர் எழும்பவில்லை. இருவருமாக அவரை இழுத்துக்கொண்டுபோய் மழைக்குள் புல்லில் கிடத்தினோம். மகள் ஆம்புலன்சை அழைத்தாள். "எழும்புங்கோ, என்னப்பா, எழும்புங்கோ!" என்று கத்திக்கொண்டே அவர் கன்னத்தைத் தட்டினேன். ஆம்புலன்ஸ் வந்து ஆக்சிஜன் வைத்த பிறகுதான் கண் திறந்தார்.

அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆனாலும் அவர் உறங்கும்போது இப்போதும் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். ஒரு படையே சூழ்ந்திருந்தும், ஜோவியனை உலுக்கி எழுப்ப ஒருவரும் உள்ளே வரவில்லை.