மாமா கட்டிய வீடு

சமூக உதவி அலுவலகத்தில் அந்தப் பெண் அதிகாரி கேட்ட ஒரு கேள்வியை மொழிபெயர்க்க நான் தயங்கிய கணம் இன்னும் மனதில் நிற்கிறது. சொந்த நாட்டில் வீடோ காணியோ இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் அம்மாவின் அண்ணன், என் மாமா, தொப்பியை மடியில் வைத்தபடி இருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "யா. ஹவுஸ்" என்றார்.

ஜெர்மன் நகரமான வுப்பர்டாலுக்கு அகதியாக வந்த காலம் முதல் மாமா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். முதலாளி அவரைச் சில மணிநேர வேலையாளாக மட்டும் பதிந்துவிட்டு, மிச்சச் சம்பளத்தைக் கணக்கில் காட்டாமல் கையில் கொடுத்தார். அதை லாபமென்றே மாமாவும் நினைத்தார். "பென்சனை நம்பி ஆர் இருக்கிறது? வயசு போனா நான் ஊரோட போயிடுவன்" என்பார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், பிறகு யாழ்ப்பாணத்தில் வீடு கட்டினார். மேசன் அனுப்பும் படங்களைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். போய்ப் பார்க்கத்தான் முடியவில்லை. முதலில் விசா இல்லை, பிறகு லீவு இல்லை, கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்காமல் வாழ முடியாத நிலை வந்தது.

பதிந்த அந்தச் சில மணிநேரத்துக்கு மட்டும் ஓய்வூதியம் வந்தபோது அது வாடகைக்கே போதவில்லை. அதை நம்பி ஊருக்குப் போனால் சிகிச்சைக்கு வழியில்லை. இங்கே இருக்க அரச உதவி வேண்டும். ஆனால் முதலில் வீட்டை விற்று, அந்தக் காசு கரையும்வரை அதில் வாழவேண்டும் என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "ஏன் மாமா சொன்னீங்கள்? அவைக்கு எப்பிடித் தெரியவரும்?"

"பதிவில்லாமல் பயந்து பயந்து வேலை செய்தது காணும் பிள்ளை. இனியும் ஏலாது."

ஒரு வங்கி ஊழியரின் குடும்பம் வீட்டை வாங்கியது. குடிபுகுந்த அன்று வீடியோ அனுப்பினார்கள். சிகிச்சை முடிந்து களைத்துப் படுத்திருந்த மாமாவுக்கு நான் கைபேசியைப் பிடித்துக் காட்டினேன். பால் பொங்கியது. ஒரு சின்னப் பெண் அறை அறையாக ஓடினாள். மாமா வாசல் தெரிந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார்.

"படியை உயரமா வைச்சிட்டாங்கள்," என்றார். "என்ர காலுக்கு ஏறவும் ஏலாமல்தான் இருந்திருக்கும், என்ன?"

"ஓம் மாமா," என்றேன்.