மே மூன்றாம் தேதிப் படம்

ஒரே தேதியில் இரண்டு ஓவியர்கள் பிறந்து வைத்தால் யாருடைய படத்தை வரைவது என்பதில் தபீதாளுக்கும் அவள் தம்பி ஜெபராஜுக்கும் வருஷா வருஷம் சண்டைதான். மார்ச் முப்பது அப்படிப்பட்ட தேதி. வான்கோவும் அன்றைக்குத்தான் பிறந்தார், கோயாவும் அன்றைக்குத்தான் பிறந்தார்.

"சூரியகாந்தியே போட்டுடலாம்க்கா. ரெண்டு மஞ்சச் சுண்ணக்கட்டி போதும்" என்றான் ஜெபராஜ்.

"போன வருஷமும் சூரியகாந்தி, அதுக்கு முந்தின வருஷமும் சூரியகாந்தி. கோயாவுக்குக் கணக்குத் தீர்க்கணும்" என்றாள் தபீதாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான்.

தபீதாள் படித்தது எட்டாம் வகுப்பு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர். பெரிய பெரிய ஓவியப் புத்தகங்களைத் தூசி தட்டித் தட்டி, ஒவ்வொரு ஓவியரின் பிறந்த தேதியையும் நீள நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தாள். ஒரு தேதியை இரண்டு புத்தகத்தில் சரிபார்க்காமல் எழுத மாட்டாள். தேதிக்கு எதிரே படத்தின் பெயர். நவம்பர் பதினாலு குழந்தைகள் தினம், மோனேயின் பிறந்த நாளும் அதுவே, ஆகவே அல்லிக்குளம். பொங்கலுக்கு வான்கோவின் கோதுமை வயல். ஏப்ரல் இருபத்தொன்பது ரவிவர்மா. அவர்கள் குடியிருக்கும் பீர்க்கன்கரணையில் ரேஷன் கடைக்கு எதிர்ச்சுவரில் குடியிருப்போர் சங்கம் மாட்டிய கரும்பலகை ஒன்று உண்டு. பொன்மொழி எழுத ஆளில்லாமல் காய்ந்து கிடந்த அந்தப் பலகையில், ஐந்து வருஷமாக அந்தந்தத் தேதிக்கு அந்தந்தப் படத்தைச் சுண்ணக்கட்டியாலும் கோலப்பொடியாலும் வரைகிறவன் ஜெபராஜ். பெருங்களத்தூரில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது அவன் தொழில். அவளைவிட ஒன்பது வயது இளையவன். "எங்க ஜெபா கை பட்டா கரும்பலகையும் பேசும்" என்று அவள் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

கோயாவின் படம் உண்மையில் மார்ச் முப்பதுக்கு உரியதல்ல. ஸ்பெயின் நாட்டில் 1808ஆம் வருஷம் மே மூன்றாம் தேதி விடியுமுன், பிடிபட்ட ஜனங்களைச் சிப்பாய்கள் வரிசையாகச் சுட்டுக் கொன்றதை அவர் வரைந்த படம். படத்தின் பெயரே அந்தத் தேதிதான். நோட்டிலும் மே மூன்றுக்கு நேராகத்தான் இருந்தது. போன வருஷம் அந்த நாளில் மழை வந்து பாதிப் படம் கரைந்துபோயிற்று. அந்தக் குறை மனதில் உறுத்த, ஓவியரின் பிறந்த நாளுக்கே போட்டுவிடலாம் என்று அவளே தேதியை மாற்றினாள். அவள் வாழ்க்கையில் தேதியை மாற்றியது அந்த ஒரு தடவைதான்.

குருத்து ஞாயிறுக்கு மறுநாள். காலை ஆறு மணிக்கு ஜெபராஜ் ஆரம்பித்தான். மண்டியிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிற ஒருவன், வெள்ளைச் சட்டை, மஞ்சள் கால்சட்டை. அவன் முன்னால் தரையில் ஒரு பெட்டி விளக்கு. பக்கத்தில் ரத்தத்தில் கிடக்கும் பிணங்கள். எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு சிப்பாய்கள். துப்பாக்கிகள் மட்டும் அவனுக்குச் சரியாக வரவில்லை. நுனியில் இருக்கும் கத்தியை வெள்ளைக் கட்டியால் இழுத்தபோது, துப்பாக்கி மொத்தமும் பட்டாக்கத்தி போல ஆகிவிட்டது. தபீதாள் நகலெடுத்த தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"துப்பாக்கி சரியில்ல ஜெபா."

"நாலடி பலகைல இவ்ளோதான்க்கா வரும். ஸ்கூலுக்கு நேரமாவுது, கெளம்பு."

அதற்குள் மீன் கூடையோடு பாப்பா வந்தாள். கோவளத்திலிருந்து மீன் எடுத்துவந்து தெருத்தெருவாய் விற்கிறவள். ஐந்து நாளுக்கு முன்பு, புதன்கிழமை விடியற்காலையில், அவள் மகன் விக்கியை ஏரிக்கரையில் யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். ஏரியில் மண் கொட்டி மனை போடுகிற வடிவேலுவின் லாரிகளைப் போனில் படம் பிடித்தான் என்று ஊரில் பேச்சு. பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. தபீதாளும் தம்பியும் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்கள். கொலை நடந்தது என்று தெரியும். விக்கி செத்தபோது என்ன உடுத்தியிருந்தான் என்பது தெரியாது.

பாப்பா பலகையைப் பார்த்தாள். கூடை தலையிலிருந்து சரிந்து விழுந்தது. வஞ்சிரமும் சங்கராவும் தெருவில் சிதறின.

"எம்புள்ள! வெள்ளச் சட்டையும் மஞ்சப் பேன்ட்டும்... எம்புள்ளடா இது! எப்படி கையத் தூக்கிகினு கெஞ்சிக்கீறான் பாருடா!"

ரேஷன் கடை வரிசை அப்படியே பலகைப் பக்கம் திரும்பியது. "ஆமா, அதே மஞ்சப் பேன்ட்." "பட்டாக்கத்தி பாரு." "ஜெபராஜ் பாத்துட்டான் போல." தபீதாள் தாளைத் தூக்கிக் காட்டி, "இது ஸ்பெயின்! இருநூறு வருஷத்துக்கு முந்தினது!" என்று கத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேர் போனில் படம் பிடித்தார்கள். பிடித்த படம் எங்கே போகவேண்டுமோ அங்கே போயிற்று.

எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு இரண்டு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் இறங்கியவன் வடிவேலுவின் ஆள் உதயா. ஜெபராஜ் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். உதயா அவன் தலைமுடியைப் பிடித்துக் குழாயில் மோதினான். பல் ஒன்று தண்ணீரோடு ஓடியது. தெருவில் கதவுகள் மளமளவென்று சாத்தப்பட்டன. பாப்பாவை நாலு பெண்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மற்ற இருவரும் ஜெபராஜைக் கீழே தள்ளி, அவன் வலது கையை நடைபாதைக் கல்லின் மேல் நீட்டிப் பிடித்தார்கள். உதயா ஒரு ஹாலோ பிளாக் சிமென்ட் கல்லின் துண்டைத் தூக்கினான்.

"அது வெறும் படம் தம்பி! வெறும் படம்!" தபீதாள் அவன் காலைப் பிடித்தாள். அவன் அவள் நெஞ்சில் உதைத்தான்.

முதல் அடியில் விரல்கள். இரண்டாவது அடியில் மணிக்கட்டு. ஜெபராஜ் கத்திய கத்தலில் மின்கம்பியில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"சொல்றா! எங்கருந்து பாத்த? புதருக்குள்ள இருந்தியா? அந்த எமர்ஜென்சி லைட்ட கீழ வெச்சது நானு. அது உனுக்கு எப்படிடா தெரியும்?"

மூன்றாவது அடிக்கு ஜெபராஜிடம் சத்தம் இல்லை.

தபீதாள் தவழ்ந்து போய் அந்தத் தாளை உதயாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அச்சில் இருந்தது எல்லாம்: கை உயர்த்தியவன், பெட்டி விளக்கு, கீழே பொடி எழுத்தில் 1808. உதயா பார்த்தான். படத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது. யாரும் பார்க்காத ஒன்றைத் தன் வாயாலேயே நடுத்தெருவில் சொல்லிவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்லை விட்டெறிந்தான். குனிந்து அவள் தாடையைப் பிடித்தான்.

"நீ எதுவும் கேக்கல. படத்த அழிச்சிட்டு வாய மூடிகினு இரு. இல்ல, இன்னொரு கை கீது இவனுக்கு."

அரசு மருத்துவமனையில் ஜெபராஜின் கையில் நான்கு கம்பிகள் செருகினார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அழிச்சிடுக்கா. நீ ஒண்ணும் கேக்கல. சரியா?"

"நான் கேட்டேன் ஜெபா."

"கேக்கலன்னு சொல்லு. எனக்கு இன்னும் ஒரு கை இருக்கு."

சூரியகாந்தி போதும் என்று சொன்னவன் அவன். தேதியை மாற்றியவள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குத் தபீதாள் ஈரத்துணியும் வாளியுமாகப் பலகைக்குப் போனாள். பலகைக்குக் கீழே பாப்பா உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் அங்கேதான் இருந்தாளாம். ஹாலோ பிளாக் துண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது, ஒரு பக்கம் கறுத்து.

"அழிக்கப் போறியா டீச்சரம்மா?" டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் பாப்பாவுக்கு அவள் டீச்சர்தான்.

"இது உன் பையன் இல்ல பாப்பா. வேற தேசத்து ஆளு. பேர்கூட யாருக்கும் தெரியாது."

"நேத்தே சொன்ன. வெளங்கிச்சி." பாப்பா மூக்கைச் சிந்தினாள். "போலீஸ்காரன் எம்புள்ள மூஞ்சிய மூடித்தான் குடுத்தான். கையி எப்படி இருந்துச்சோ, கண்ணு எப்படி இருந்துச்சோ, தெரியாது. இதுல தெரியுது. ஒரு நாளு வுட்டு அழியேன்."

தபீதாள் துணியைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள்.

பைக் சத்தம் கேட்டது. உதயா ஒருவனே வந்தான், வேலை முடிந்ததா என்று பார்க்க. "இன்னும் அழிக்கலயா?" வாளியைப் பிடுங்கித் தண்ணீரைப் பலகையில் வீசினான். வெள்ளைச் சட்டை மஞ்சளோடு கலந்து வழிந்தது. பாப்பா எழுந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"மூஞ்சிய அழிக்கிறியாடா? ஒருவாட்டி அழிச்சது பத்தலயாடா, பாடையில போறவனே!"

அவன் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருமுறை. இன்னொருமுறை. பாப்பாவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அப்போதும் அவள் பிடி விடவில்லை. இடுப்பிலிருந்து அவன் கத்தியை உருவினான்.

தபீதாள் அந்தக் கல்லை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூடக் கிள்ளாதவள். பின்னாலிருந்து அவன் வலது முழங்காலில் இறக்கினாள். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. விழுந்தவனின் கத்திக் கை மேல் இரண்டாவது அடி. கத்தி சாக்கடையில் போய் விழுந்தது. மூன்றாவது அடி எதற்கு என்று அவளுக்கே தெரியாது. அதுவும் அந்தக் கையில்தான் விழுந்தது.

முதல் கதவு திறந்தது. அப்புறம் எல்லாக் கதவும்.

காவல் நிலையத்தில் பெண் சப்-இன்ஸ்பெக்டர் பேப்பரை நீட்டினார். தபீதாள் எழுத ஆரம்பித்தாள். மார்ச் 30, காலை 8.05. இரண்டு பைக், நம்பர்களோடு. உதயா சொன்ன வார்த்தைகள், அவன் சொன்னபடியே, 'எமர்ஜென்சி லைட்ட கீழ வெச்சது நானு' என்பது வரை. மார்ச் 31, காலை 6.40. எழுதிக்கொண்டே வந்தவளை சப்-இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"மூணு தடவ அடிச்சேன்னு எழுதறீங்களேம்மா. ஒரு தடவ தள்ளிவிட்டேன்னு எழுதுங்க. இல்லன்னா உங்க மேலயும் கேஸ் வரும்."

"மூணு தடவதான் மேடம் அடிச்சேன்."

"புரியுதும்மா, அதத்தான் எழுத வேண்டாங்கறேன்."

"ஒண்ணு தப்பா எழுதினா மத்ததையும் தப்புன்னு சொல்லுவாங்க. அந்த லைட் விஷயத்தையும் சேர்த்து."

சப்-இன்ஸ்பெக்டர், எழுதுங்கள் என்று கை காட்டினார். கையெழுத்துப் போடும் இடத்தில் தபீதாளின் பேனா நின்றது. இன்னொரு கை இருக்கிறது என்று தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. இது போகும் இடத்துக்கெல்லாம் அவள் பெயரும் வீட்டு முகவரியும் போகும். தந்தை பெயரோடு முழுப்பெயரும் எழுதி, கீழே தேதியும் போட்டாள்.

உதயா ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே கைதானான். அந்த எமர்ஜென்சி லைட் அவன் வீட்டுப் பரணில் கிடைத்தது. வடிவேலு எங்கோ தூரத்து ஊர்க் கோர்ட்டில் சரணடைந்தான். தபீதாள் மேலும் வழக்கு வந்தது. வாய்தா தேதிகளையும் அவள் அதே நோட்டில், ஓவியர்களுக்கு நடுவே, சிவப்பு மையில் எழுதிக்கொண்டாள்.

புனித வெள்ளி போனது, ரவிவர்மாவும் போனார். பலகை காலியாகவே கிடந்தது. மே மாதம் முதல் தேதி, வாசலில் உட்கார்ந்து நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள் தபீதாள். மார்ச் முப்பதுக்கு எதிரே இருந்த கோயாவை அடித்தாள். மே மூன்றுக்கு நேராக, பழைய இடத்திலேயே, மறுபடி எழுதினாள்.

ஜெபராஜ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். வலது கை கட்டோடு கழுத்துத் தூளியில் தொங்கியது.

"இடது கையாலதான்க்கா வரும். கோணலா வரும்."

"வரட்டும்."

"வடிவேலு ஆளுங்க இன்னும் வெளியதான் சுத்திகிட்டு இருக்காங்க."

"தெரியும்." நோட்டை மூடினாள். "ஆனா ஒண்ணு ஜெபா. இந்தத் தடவையாவது துப்பாக்கிய துப்பாக்கி மாதிரி வரை."