ரிசல்ட் என்ன, மேடம்?

‘ஸ்கில்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். முன்னெல்லாம் அப்படி இல்லை. தொம்மலூரில் ஒரு பழைய கட்டடம்; கீழே பிரியாணிக் கடை, மேலே பியூட்டி பார்லர், நடு மாடியில் ஒரு வகுப்பறை. ‘இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கான பயிற்சி’ என்று வாசலில் போர்டு. என் எரிச்சல் அங்கேதான் பிறந்தது.

ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு இன்ஷூரன்ஸ் கால் சென்டரில் டீம் லீடராக இருந்தவள். எனக்குக் கீழே ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது, வேலையை விட்டேன். பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களை நான் கிட்டே சேர்ப்பதில்லை. ஆறு வருடம் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, பொம்மனஹள்ளி வீட்டில் நானும் ஹாலில் கிடந்த இரும்புக் கட்டிலும்தான் மிச்சம்.

மாடியில் குடித்தனம் இருந்தது, வாடகை வந்தது, நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் கட்டில். காப்பி குடித்தால் எதிரே கட்டில். அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னை அறியாமல் அதில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து, அம்மா பார்த்துக்கொண்டே கிடந்த அதே கூரைக் கறையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பகலில் இந்த வீட்டைவிட்டு வெளியே போக ஒரு வழி கிடைக்காவிட்டால் அடுத்து அந்தக் கட்டில் எனக்குத்தான் என்று நிஜமாகவே பயந்துபோனேன். வேலை வேண்டும். எந்த வேலையாவது.

கிடைத்தால்தானே! போன இடத்திலெல்லாம் பயோடேட்டாவில் ஒரே இடத்தில் விரலை வைத்தார்கள். இந்த ஆறு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஜெயிலிலிருந்து வந்தவளை விசாரிப்பது மாதிரி. அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்றால், “ஓ” என்பார்கள். அந்த ‘ஓ’வில் இரக்கம் இருக்கும், வேலை இருக்காது. கடைசியில் பழைய ஆபீஸ் தோழி ஒருத்திதான் தொம்மலூர் வகுப்புக்குப் போகச் சொன்னாள்.

வகுப்பு எடுத்தவர் ஈரோட்டுப் பக்கத்து ஆள். ஏதோ கம்பெனியில் ஹெச்.ஆர். ஆக இருந்து, அது சலித்துப்போய், கோச் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார், அதனாலேயே எனக்கு இன்னும் கடுப்பு.

“கம்பெனிக்காரங்க இப்ப டிகிரி பாக்கறதில்லீங்க. ஸ்கில் பாக்கறாங்க. காது குடுத்துக் கேக்கத் தெரியுமா, பிரஷர்ல வேலை செய்யத் தெரியுமா, கோவக்காரங்களச் சமாளிக்கத் தெரியுமா. நீங்க வீட்ல சும்மா இருந்தீங்கன்னு யாருங்க சொன்னது? நீங்க எல்லாரும் ஆபரேஷன்ஸ் மேனேஜர்ங்க!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. மலத்துணி அலசியவளை மேனேஜர் என்று கூப்பிட்டால் துணியின் நாற்றம் போய்விடுமா? ஆனால் எழுந்து போனால் எங்கே போவது? கட்டிலுக்குத்தான்.

பிறகு அவர் போர்டில் நாலு கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் நிலைமை. இரண்டாவதில் பொறுப்பு. மூன்றாவதில் நாம் செய்தது. நாலாவதில் ரிசல்ட். இன்டர்வியூவில் எதைக் கேட்டாலும் வாழ்க்கையில் நடந்த ஒன்றை இந்த நாலு கட்டத்துக்குள் அடக்கிச் சொல்ல வேண்டுமாம். நாலாவது கட்டம் நிரம்பாத கதையைக் கம்பெனிகள் கதையாகவே மதிக்காதாம். ஒருத்தி மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சமையல் ஏற்பாடு செய்ததைச் சொன்னாள். ரிசல்ட், பந்தியில் ஒருவரும் குறை சொல்லவில்லை. “எக்ஸலன்ட்!” என்றார் கோச். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க மேடம். என்ன சிச்சுவேஷன்?”

“எங்கம்மாக்கு ஸ்ட்ரோக். பேச்சு போய்டுச்சு.”

“சரிங்க. உங்க பொறுப்பு?”

“அவங்கள பாத்துக்கறது. வேற என்ன?”

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோசூர் ரோட்டு கார்மென்ட்ஸில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே என்னைப் படிக்கவைத்தவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். டார்கெட் டார்கெட் என்று எல்லோரையும் விரட்டும் சூப்பர்வைசர்கள் அம்மாவின் வரிசைக்கு வந்தால் மட்டும் குரலைத் தணிப்பார்களாம். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளர்த்து, உருதுவில் முடிப்பாள். அத்தனையும் ஒரே காலையில் போய்விட்டது. யோசித்துப் பேசுகிற பேச்சுதான் போகும், கோபத்தில் தானாக வருகிற ஏதாவது ஒரு வார்த்தை சிலருக்குத் தங்கிவிடும் என்றார் டாக்டர். அம்மாவுக்குத் தங்கியது ‘மூதேவி’.

தண்ணீர் வேண்டுமென்றால் மூதேவி. ஃபேனைக் குறைக்கச் சொல்ல மூதேவி. பெட்பான் வைக்க மூதேவி. டிவியில் சீரியல் மாமியார் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூதேவி. டாக்டரையும் சொன்னாள், பாவம், அவர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். எந்த மூதேவிக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. பிடிபட்ட பிறகும் தப்பு வரும். தண்ணீர் கேட்டவளுக்குப் போர்வையைப் போர்த்தி, அவள் கத்தி, நானும் கத்தி, ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், “நீதான்டி மூதேவி!” என்று கத்திவிட்டேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு வேலை செய்த பாதி வாயால் சிரித்தாள். உடம்பே குலுங்குகிற மாதிரி சிரித்தாள். நானும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தக் கோச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்து அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்ததை மட்டும் சொன்னேன். ஆள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“மேடம்! இதுதானுங்க ஆக்டிவ் லிஸனிங்! இதுக்கு கம்பெனில எவ்ளோ மதிப்பு தெரியுங்களா? சொல்லுங்க, சொல்லுங்க. ரிசல்ட் என்னங்க மேடம்?”

“செத்துட்டாங்க.”

கீழே பிரியாணி தம் உடைத்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. கோச் மார்க்கரின் மூடியைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“சாரிங்க மேடம். ரொம்ப சாரி. ஆனா... ரிசல்ட்ட மட்டும் கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிரலாங்களா?”

செருப்பைக் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கழற்றவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம். பேச இயலாத ஒருவரின் தேவைகளைத் துல்லியமாகப் புரிந்துகொண்டு, இறுதிவரை அவருக்கு முழு நிறைவு தரும் சேவையை அளித்தேன். இதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, சிரித்த முகத்தோடு சொல்லிப் பழகச் சொன்னார். முழு நிறைவாம்! அம்மா எந்தக் காலத்தில் எதில் நிறைவாக இருந்தாள்? சட்னியில் உப்பு சரியாக இருந்தால்கூட, சரியாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் திட்டுவாள். வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டிலுக்கு முன்னாலேயே நின்று, அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். அம்மா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் புகார்களைத் தொலைபேசியில் கவனிக்கும் ஒரு கம்பெனியில் தமிழ் பேசும் ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். இன்டர்வியூ எடுத்த மேடம் என் வயதுக்காரி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, லேப்டாப்பைப் பார்த்தபடியே பேசினார். எதிர்பார்த்த மாதிரியே அந்த ஆறு வருடத்தில் வந்து நின்றார். நான் நாலு கட்டத்தையும் ஒப்பித்தேன். கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். “லவ்லி,” என்று டைப் அடித்தார். மறுவாரமே வேலைக்கு வரச் சொன்னார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. உண்மையாக ஆறு வருடம் உழைத்ததற்கு ஒருவனும் கதவைத் திறக்கவில்லை, ஒரு பொய்க்குத் திறந்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. அவ்வளவுதான். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நின்ற நேரமெல்லாம் அந்த மேடத்தை, கோச்சை, என்னை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆனால் பகலில் வீட்டைவிட்டு வெளியே இருந்தேன். அதை மறுக்கமாட்டேன்.

அவர்கள் என்னை உட்காரவைத்த இடம்தான் வேடிக்கை. பல தடவை புகார் சொல்லியும் வேலை நடக்காமல், கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களுக்கென்றே ஒரு தனி வரிசை. “கோவக்கார கஸ்டமர்ஸ ஹேண்டில் பண்றதுல இவங்க எக்ஸ்பர்ட்,” என்று அதே மேடம் என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். மெஷினை ரிப்பேர் செய்ய ஆள் அனுப்பமாட்டார்கள். திட்டு வாங்க ஆள் வைப்பார்கள். நாள் முழுக்க வாங்கினேன். எருமை, பொறம்போக்கு, படிச்சவதானே நீ, எல்லாம் வந்தது. எதுவும் என்மேல் ஒட்டவில்லை.

ஒரு மத்தியானம் ஆம்பூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். மெஷின் தண்ணீரோடு நின்றுவிட்டது, துணியெல்லாம் உள்ளே ஊறி நாறுகிறது, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக் வரவே இல்லை. மூச்சு விடாமல் கொட்டினார். புகார் எண்ணைத் தேடிக்கொண்டிருந்ததில் நான் உடனே பதில் சொல்லவில்லை.

“ஏன்டி மூதேவி, வாயில என்னா கொழுக்கட்டையா வச்சினு இருக்க?”

அம்மா போன பிறகு அந்த வார்த்தையை என்னை நோக்கி யாரும் சொன்னதில்லை. யார் சொல்லுவார்கள்? என் கை தானாகவே போய் மியூட் பட்டனை அமுக்கியது. சாவு வீட்டில், அத்தனை பேர் நடுவில், சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றும்போதெல்லாம் வராத அழுகை, ஹெட்போனோடு அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் வந்தது. மேஜையில் தலையை வைத்து அழுதேன். அந்த ஆம்பூர் அம்மா பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தார். மருமகளைத் திட்டினார், மெஷின் வாங்கித் தந்த மகனைத் திட்டினார், தன் முழங்காலைத் திட்டினார். பிறகு மெதுவாக அடங்கினார்.

“லைன்ல இருக்கியா கண்ணு?”

முகத்தைத் துடைத்துக்கொண்டு மியூட்டை எடுத்தேன். “இருக்கேம்மா. நாளைக்கே ஆள் வருவாங்க, நான் பாத்துக்கறேன்.” மறுநாள் ஆள் போனாரா என்று நானே ஃபோனில் தொங்கிக்கொண்டு விசாரித்து அனுப்பினேன். அந்த அம்மா எனக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி மகனை ஏவியிருக்கிறார்.

அழைப்புகளை ஒட்டுக்கேட்டு மார்க் போட எங்களுக்கு ஒரு தனிக் கூட்டம் உண்டு. இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததற்கு முதலில் மார்க்கைக் குறைத்தார்கள். ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்ததும் குறைத்ததைத் திருப்பிப் போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களின் வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அந்த அழைப்பை ஸ்பீக்கரில் போட்டார் அதே மேடம்.

“கவனிங்க. கஸ்டமர் இவ்ளோ திட்டறாங்க, இவங்க குறுக்க ஒரு வார்த்தை பேசல. முழுசா கேட்டாங்க. இதுதான் ஆக்டிவ் லிஸனிங். எவ்ளோ பெரிய ஸ்கில் பாருங்க.” என் பக்கம் திரும்பினார். “அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு? இவங்களுக்கு ஷேர் பண்ணுங்க.”

“மியூட் போட்டுட்டு அழுதுட்டிருந்தேன்,” என்றேன்.

இந்த மேடமாவது வாயடைத்துப் போவார் என்று நினைத்தேன். “வாவ்,” என்றார் மேடம். போர்டில் ஆக்டிவ் லிஸனிங்குக்குக் கீழே ‘எம்பதி’ (அடுத்தவர் வலியை உணர்வதாம்) என்று எழுதி, அடியில் கோடு போட்டார். கைதட்டினார்கள். எனக்கு அந்த அறையில் இருந்த ஒவ்வொரு கையையும் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “குட் ஐடியா,” என்று முதலிலிருந்து போட்டார். எல்லோரும் பேனாவை எடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தை வருவதற்காகக் காத்திருந்தேன்.